வேலை இல்லாதபோதும் அணைக்கக் கூடாத இயந்திரம்



வேதியியல் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது இந்தச் சந்தேகம் வந்திருக்கும். ஜி.சி.எம்.எஸ். கருவி இருக்கும் அறைக்குள் போனால், மாதிரி எதுவும் ஓடாத நேரத்திலும் மேஜைக்குக் கீழே ஒரு பம்ப் உறுமிக்கொண்டே இருக்கும். ஏ.சி. ஓடும். மூலையில் சங்கிலி போட்டு நிறுத்திய சிலிண்டரில் ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பொங்கலானாலும் தீபாவளியானாலும் அதற்கு லீவு கிடையாது. "ஏன் சார், ஆஃப் பண்ணிட்டுப் போனா என்ன?" என்று கேட்டால், "அதை ஆஃப் பண்ணக் கூடாதுப்பா, ஸ்டாண்ட்பைல விடணும்" என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இந்த ஸ்டாண்ட்பைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. சும்மா இருக்கும் கருவியில் என்ன சூடு, எவ்வளவு வாயு, எந்த பம்ப் என்று நாம் வைக்கும் ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு பற்றாக்குறை எழுதி வைத்தது. வெற்றிடம் கிடைப்பது கஷ்டம் என்பது ஒன்று, ஹீலியம் தீர்ந்துபோகும் என்பது இரண்டு. மூன்றாவது, மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் போகும் என்பது. முதல் இரண்டைப் பற்றிக் கருவி செய்கிறவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது பாடத்தை எழுதியது நம்மூர்தான் என்பேன்.

பட்டு ஊரான காஞ்சிபுரத்துக்கும் இந்தக் கருவிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் சாயத்தில் இருக்கிறது.

1895-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதைக் கவனித்துச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் காரணத்தைத் தேடிப்போனபோது பென்சிடின் போன்ற அரோமாட்டிக் அமீன்கள் மாட்டின. இவற்றிலிருந்து செய்யப்படும் சில அசோ சாயங்கள் உடம்புக்குள் உடைந்தால் மறுபடி அதே அமீன்களாகிவிடும். இது தெரிந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1994 ஜூலையில், ஜெர்மனி சட்டம் போட்டது: 20 அமீன்களில் எதையாவது வெளிவிடக்கூடிய சாயம், உடம்பில் படும் துணியிலோ தோலிலோ இருக்கக் கூடாது. திருப்பூர், கரூர், ஆம்பூர், வாணியம்பாடி ஏற்றுமதியாளர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் போயிருக்கும். 1997 மார்ச்சில் இந்திய அரசும் 70 அசோ சாயங்களுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே தடை செய்திருந்த 42 பென்சிடின் சாயங்களையும் சேர்த்தால் மொத்தம் 112. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான உத்தரவு வந்தது. வரம்பு ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராம்.

காஞ்சிப் பட்டு பெரும்பாலும் நம்மூர்க் கல்யாணங்களுக்குத்தான் போகிறது, ஜெர்மனிக்கு அல்ல. ஆனால் சாயக்காரர் வாங்கும் பொட்டலமும் ஏற்றுமதிக்காரர் வாங்கும் பொட்டலமும் ஒரே சந்தையிலிருந்துதான் வருகின்றன. 1997-க்குப் பிறகு தடையும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஒரு சேலையின் அரக்குச் சிவப்பு தடை செய்யப்பட்ட சாயமா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எத்தனை வருட அனுபவமுள்ள சாயக்காரராலும் முடியாது. ஏறக்குறைய 1 கிராம் துணியை வெட்டி, சோடியம் டைதயோனைட் போட்டு 70 டிகிரியில் சாயத்தை உடைத்து, வரும் அமீனைப் பிரித்தெடுத்துக் கருவியில் செலுத்த வேண்டும். அந்தக் கருவிகளில் முக்கியமானது ஜி.சி.எம்.எஸ். நிறமாலையில் 184 என்ற இடத்தில் ஒரு பெரிய கோடு நின்று, அது வெளிவந்த நேரமும் பொருந்தினால் பென்சிடின் என்று சந்தேகப்படலாம். சேலைக்காரருக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை.

இங்கேதான் 'சும்மா இருக்கும் கருவி' பிரச்சினை தொடங்குகிறது. துணி வியாபாரம் சீசன் வியாபாரம். ஒரு வாரம் மாதிரிகள் குவியும், அடுத்த இரண்டு வாரம் ஈ ஓட்ட வேண்டியதுதான். கல்லூரிகளில் இன்னும் மோசம். மூலிகை இலைச் சாற்றை ஜி.சி.எம்.எஸ்.-ல் ஓட்டி ஒரு கட்டுரை எழுதுவது தமிழ்நாட்டுத் தாவரவியல் ஆய்வின் தேசியப் பொழுதுபோக்காகிவிட்டது (அடிக்க வராதீர்கள், அதில் நல்ல ஆய்வுகளும் உண்டு). அந்தக் காலம் முடிந்தால் கருவி வாரக்கணக்கில் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கும் செலவு உண்டு.

சரி, கருவியின் பிறப்புக்குப் போவோம். ஆவியாகும் கலவையை நீண்ட குழாய்க்குள் வாயுவோடு அனுப்பிப் பிரிக்கும் முறையை ஜேம்ஸ், மார்ட்டின் இருவரும் 1952-ல் வெளியிட்டார்கள். வேறொரு வண்ணப்பிரிகை முறைக்காக மார்ட்டினுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1952-ல்தான். அமெரிக்காவில் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் ரோலண்ட் கோல்க், ஃபிரெட் மெக்லாஃபர்ட்டி இருவரும் அந்தக் குழாயின் முனையை பெண்டிக்ஸ் நிறுவனத்தின் நிறை நிறமாலைமானியோடு 1950களின் நடுவில் இணைத்துப் பார்த்தார்கள். குழாய் பிரித்துக் கொடுக்கும், மறுமுனை எடை போட்டு ஆளை அடையாளம் காட்டும். 1968-ல் ஃபின்னிகன் நிறுவனம் நான்முனைக் கருவியாக இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1976-ல் வைக்கிங் விண்கலங்களில் ஏறி இது செவ்வாய்க்கே போய்விட்டது. அங்கே போன கருவி ஹீலியத்தை நம்பவில்லை, ஹைட்ரஜனை வைத்து வேலை பார்த்தது என்பதை ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இந்தக் கல்யாணத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பொருத்தக் குறைவு உண்டு. குழாய்ப் பக்கத்துக்கு வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எடை போடும் பக்கத்துக்கு வாயுவே ஆகாது. அயனி ஒன்று புறப்பட்ட இடத்திலிருந்து எதன் மேலும் மோதாமல் மறுமுனைக்குப் போய்ச் சேர, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் கோடிக்கணக்கில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஆக ஒரு பக்கம் வாயுவை உள்ளே விட்டுக்கொண்டும், மறுபக்கம் அதை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டும் கருவி வாழ்கிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதைப் போலத்தான். இறைப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இறைக்கும் வேலைக்கு முதலில் டிஃப்யூஷன் பம்ப் இருந்தது. 1915-ல் ஜெர்மனியில் வொல்ஃப்காங் கேடெவும், அடுத்த வருடம் அமெரிக்காவில் லாங்மியூரும் உருவாக்கியது. எண்ணெயைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியின் வேகத்தில் வாயு மூலக்கூறுகளைக் கீழே தள்ளும். அசையும் பாகம் இல்லை என்பதால் எளிதில் கெட்டுப்போகாது. ஆனால் சூடாகவும் நேரம் பிடிக்கும், ஆறவும் நேரம் பிடிக்கும். எண்ணெய் சூடாக இருக்கும்போது உள்ளே காற்று நுழைந்தால் எண்ணெய் கருகும், ஆவி கருவிக்குள் ஏறி எல்லாவற்றிலும் படியும். 1958-ல் வில்லி பெக்கர் ஃபைஃபர் நிறுவனத்தில் உருவாக்கிய டர்போ பம்ப் வந்தபிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. இது நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுற்றும் விசிறி. சீக்கிரம் வேகம் எடுக்கும், சீக்கிரம் நிற்கும்.

பம்ப் வேகமானதும் தினமும் அணைத்துப் போடலாமே என்றால், அங்கே குறுக்கே வருவது தண்ணீர். கருவியைத் திறந்தால் காற்று உள்ளே போகும், காற்றோடு ஈரமும் போகும். மறுபடி பம்ப் போட்டால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உடனே வெளியேறிவிடும். தண்ணீர் மட்டும் உலோகச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். டர்போ கருவியில்கூடக் குறைந்தது இரண்டு மணி நேரம், ஒழுங்கான வேலைக்கு ஒரு ராத்திரி முழுக்க என்பதுதான் நடைமுறை. நிறுத்தும்போதும் அப்படியே. சூடான பாகங்கள் 100 டிகிரிக்குக் கீழே இறங்கக் காத்திருந்து, பிறகுதான் காற்றை விட வேண்டும். திங்கள் காலை வேலை வேண்டும் என்றால் ஞாயிறே வந்து பம்ப் போட வேண்டும். அதற்குப் பதில் அணைக்காமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஸ்டாண்ட்பை என்ற பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால், விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கும் பழைய இழை நுனிகளை நெசவாளர் உருவி எறிவதில்லை. அப்படியே விட்டு வைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனிகளோடு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகளை மறுபடி முதலிலிருந்து கோப்பதை நினைத்துப் பாருங்கள்!

இப்போது அமைப்புகள். கருவிக்குக் கருவி மாறும் என்றாலும் பொதுவான வழக்கம் இதுதான். இழையையும் எலக்ட்ரான் பெருக்கியையும் அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் ஆயுள் கணக்கு உண்டு. பம்ப் ஓட வேண்டும். அயனி மூலத்தையும் நான்முனையையும் வழக்கமான சூட்டிலேயே (பல கருவிகளில் 230, 150 டிகிரி) விடுவார்கள், குளிர்ந்த இடத்தில்தான் அழுக்கு படியும் என்பதால். குழாய் இருக்கும் ஓவனை இறக்கிவிடலாம், 50-லிருந்து 100 டிகிரிக்குள் எங்காவது. (ஓவன் தன்னைச் சுற்றியுள்ள காற்றால்தான் குளிர்கிறது. கத்திரி வெயிலில் ஏ.சி. நின்றுபோன அறையில் 35 டிகிரி என்று அமைத்து வைத்தால் அது கடைசி வரை அங்கே வந்து சேராது, "தயார் இல்லை" என்று காட்டிக்கொண்டே இருக்கும்.) ஊசி போடும் இடத்தின் சூட்டையும் குறைக்கலாம்.

வாயுவை மட்டும் நிறுத்தவே கூடாது. குழாயின் உள்சுவரில் பூசியிருக்கும் மெல்லிய பாலிமர் படலம் சூட்டில் ஆக்சிஜனைக் கண்டால் சிதைந்துபோகும். ஹீலியம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் ஆக்சிஜனுக்கு இடமில்லை. எனவே சூடு இருக்கும் வரை ஓட்டம் இருக்க வேண்டும். நிறைய குழாய்கள் செத்தது இந்த ஒரு விதியை மறந்ததால்தான்.

எவ்வளவு வாயு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. குழாய்க்குள் நிமிடத்துக்கு 1 மில்லி. ரப்பர் மூடியைக் கழுவிக்கொண்டு வெளியேறுவது 3 மில்லி. மாதிரியில் பெரும்பங்கை வெளியே தள்ளும் பிரிப்பு வழியில் 50 மில்லி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 54. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 78 லிட்டர். பெரிய சிலிண்டரில் (47 லிட்டர், 150 பார்) சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும். மாதிரியே ஓட்டாமல் சும்மா வைத்திருந்தால்கூட 90 நாளில் காலி. இதில் வேலைக்கு அவசியமானது அந்த 1 மில்லிதான்! மீதி எல்லாம் மாதிரி போடும் அந்த ஒரு நிமிடத்துக்காக. 1990களில் மின்னணு அழுத்தக் கட்டுப்பாடு பரவியபிறகு 'கேஸ் சேவர்' என்ற அமைப்பும் வழக்கத்துக்கு வந்தது. மாதிரி உள்ளே போனதும் 50-ஐ 20 ஆக இறக்கிவிடும். அப்போது 24 மில்லி, சிலிண்டர் 202 நாள் வரும். ஸ்டாண்ட்பையில் அந்த 20-ஐயும் 5 ஆக்கினால் மொத்தம் 9 மில்லி, 540 நாள். ஒரே சிலிண்டர், ஒரே கருவி. இந்த வித்தியாசம் முழுவதும் ஒரு திரையில் தட்டும் இரண்டு மூன்று எண்களில் இருக்கிறது.

ஆனால் பல வருடங்களாக யாரும் அந்த எண்களைத் தட்டவில்லை. ஹீலியம் மலிவாக இருந்தது, அதுதான் காரணம். ஹீலியத்தின் கதை நம் மாகாணத்திலேயே தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18-ல் முழுச் சூரிய கிரகணம். அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் நிறமாலைமானியோடு நின்றார். மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் நின்றார். சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. முதலில் அதைச் சோடியம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கோடு சோடியத்தின் இடத்தில் சரியாக உட்காரவில்லை என்ற ஐயம் வலுத்தது பிறகு. அதே வருடம் அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்தார், பின்னர் ஹீலியம் என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. பாடப்புத்தகத்தில் ஜான்சன் பெயரை மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள். போக்சனுக்கு ஒரு வரியாவது கொடுக்கலாம் என்பது என் கருத்து. பூமியில் ஹீலியத்தைப் பிடித்தவர் ராம்சே, 1895-ல். ஃபிராங்க்ஃபர்ட்டில் ரேன் சாயத் தொழிலாளர்களைப் பற்றிச் சொன்ன அதே வருடம். சாயத்தின் நஞ்சையும், அதைக் கண்டுபிடிக்கும் கருவிக்குள் ஓடப்போகும் வாயுவையும் உலகம் ஒரே வருடத்தில் அறிந்துகொண்டது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை :-)

பிறகு ஹீலியம் அமெரிக்காவின் சொத்தாகிவிட்டது. அங்கே சில எரிவாயுக் கிணறுகளில் அது நிறைய கலந்து வந்தது. 1925-ல் ஆகாயக் கப்பல்களுக்காக அரசே சேமிப்பு தொடங்கியது. பின்னால் டெக்சாஸில் அமரில்லோ பக்கம் நிலத்துக்கடியில் பாறைக்குள் நிரப்பி வைத்தார்கள். 1996-ல் சட்டம் போட்டு, பட்ட கடனை அடைக்க அதை விற்கத் தொடங்கினார்கள். சந்தையே தீர்மானிக்காத விலையில் உலகத்துக்கு ஹீலியம் கிடைத்தது. ஆய்வகங்களின் ஸ்டாண்ட்பைப் பழக்கம் ஊதாரித்தனமாக வளர்ந்ததும் அந்த வருடங்களில்தான். 2000களின் நடுவிலிருந்து தட்டுப்பாடு மாறி மாறி வந்தது. 2013-ல் இன்னொரு சட்டம். 2017 ஜூனில் கத்தாரை அண்டை நாடுகள் முற்றுகையிட்டபோது அங்கிருந்த ஹீலியம் ஆலைகள் கொஞ்ச காலம் நின்றன, உலகத்தின் வாயுவில் பெரும் பங்கு ஒரே நாளில் இல்லாமல் போனது. கடைசியில் 2024-ல் அமெரிக்க அரசு மிச்சமிருந்த சேமிப்பையும் ஜெர்மனியின் மெஸ்ஸர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

இந்தியா தன் ஹீலியத்துக்கு ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. உள்ளூரில் முயற்சி இல்லாமல் இல்லை. வங்காளத்தின் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்றுகளில் குமிழியிடும் வாயுவில் ஹீலியம் இருப்பது தெரிந்து, கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் அதைச் சேகரித்தது. அதே மையம் நம் காவிரிப் படுகையில், குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் எரிவாயுவிலிருந்து ஹீலியம் பிரிக்க ஒரு சோதனை நிலையமும் அமைத்தது. (அருவி இருக்கும் குற்றாலம் இல்லை, மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலம்.) அளவு மிகச் சிறியது. அமெரிக்கக் கிணறுகளோடு ஒப்பிடவே முடியாது. இருந்தாலும் தஞ்சை நெல்வயல்களுக்கு அடியில் ஹீலியம் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தட்டுப்பாட்டுக்குப் பிறகுதான் நிறுவனங்கள் 'உறக்கம்', 'விழிப்பு' என்று தனி அமைப்புகளைத் தரத் தொடங்கின. 2010களில் இன்னொரு வழியும் வந்தது. கருவி தூங்கும்போது ஹீலியத்தை மூடிவிட்டு நைட்ரஜனைத் திறந்துவிடுவது. குழாய்க்குத் தேவை ஆக்சிஜன் இல்லாத ஓட்டம்தானே, அது ஹீலியமாக இருந்தால் என்ன, நைட்ரஜனாக இருந்தால் என்ன? வேலை நேரத்துக்கு முன்பு மறுபடி ஹீலியத்துக்கு மாற்றி, நைட்ரஜன் முழுவதும் வெளியேறும் வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். வைக்கிங் மாதிரி ஹைட்ரஜனுக்கே மாறிவிட்ட ஆய்வகங்களும் உண்டு. ஹைட்ரஜனில் சும்மா விட்டுப்போகும் தைரியம் வேறு, கசிந்தால் ஓவனுக்குள் சேர்ந்து வெடிக்கும். அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

இனி மூன்றாவது பற்றாக்குறை. கருவியோடு வரும் கையேடு "அணைக்காமல் விடுங்கள்" என்று சொல்லும்போது, சுவரில் இருக்கும் பிளக்கில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்று நம்பித்தான் சொல்கிறது. 2008-லிருந்து 2014 வரை தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இந்த நம்பிக்கையைப் பற்றி விளக்க வேண்டாம். 2012-ல் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு என்றால் மற்ற மாவட்டங்களில் 10 மணி நேரத்தைத் தாண்டியது. காஞ்சிபுரம் அந்த 'மற்ற'வற்றில் ஒன்று. கைத்தறிக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் கை இருக்கிறது, விளக்கு இல்லாததுதான் தொல்லை. ஜி.சி.எம்.எஸ். கதை அப்படி இல்லை.

மின்சாரம் போன நொடியில் நடப்பதைப் பாருங்கள். டர்போ விசிறி வேகம் இழக்கிறது. கீழே இருக்கும் சுழல் பம்ப் நின்றுவிடுகிறது, அதன் எண்ணெய் ஆவி மேலே ஏறப் பார்க்கும். பழைய கருவிகளில் வாயுவைக் கட்டுப்படுத்தியது கையால் திருகும் வால்வு, மின்சாரம் போனாலும் ஹீலியம் ஓடிக்கொண்டிருக்கும். மின்னணுக் கட்டுப்பாடு வந்த கருவிகளில் மின்சாரம் போனால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். குழாயோ இன்னும் சூடாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் பழைய கருவி மின்வெட்டு ஊருக்குப் பொருத்தமாகவும், புதிய கருவி அமெரிக்காவுக்குப் பொருத்தமாகவும் இருந்தது. யு.பி.எஸ். அரை மணியோ ஒரு மணியோ தாங்கும். அதற்குள் ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஒழுங்காக இறக்கி நிறுத்த வேண்டும். ஓவனைக் குறைவான சூட்டில் வைப்பதன் அருமை இங்கேதான் தெரியும். 280 டிகிரியில் மின்சாரம் போவதும் 60 டிகிரியில் போவதும் குழாய்க்கு ஒன்றல்ல. கையேட்டில் அது சிக்கனத்துக்கான யோசனை, இங்கே அது காப்பீடு. இன்னொன்று, யு.பி.எஸ்.-ல் ஏ.சி.யைச் சேர்ப்பது அபூர்வம். கருவி ஓடும், அறை கொதிக்கும், டர்போ சூடேறித் தானாக நின்றுவிடும்.

அறிவித்த மின்வெட்டாவது பரவாயில்லை, நேரம் பார்த்துக் கருவியைத் தயார் செய்யலாம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா புயலும் நேரம் சொல்லி வரவில்லை. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எந்த யு.பி.எஸ்.ஸும் அதற்குத் தாங்காது.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை 2020-ல் வந்தது. மார்ச் நடுவில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மூடினார்கள். 24-ம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. 21 நாள் என்றார்கள். நிறுத்திவிட்டுப் போவதா, ஸ்டாண்ட்பையில் விடுவதா என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே வாரத்தில் பதில் தேட வேண்டியிருந்தது. 21 நாள்தான் என்றால் ஸ்டாண்ட்பை சரியான முடிவு. ஆனால் ஊரடங்கு நீண்டுகொண்டே போனது. தமிழ்நாட்டில் ஆராய்ச்சி மாணவர்களும் இறுதியாண்டு மாணவர்களும் கல்லூரிக்குத் திரும்பியது டிசம்பரில்தான்.

முன்னால் போட்ட கணக்கை இங்கே எடுத்து வாருங்கள். மார்ச் 24 அன்று நிறைந்த சிலிண்டரோடு விட்டுப்போன மூன்று கருவிகளை நினைத்துக்கொள்வோம். பிரிப்பு வழியை 50 மில்லியிலேயே மறந்துவிட்டுப் போன கருவியில் ஜூன் 22 வாக்கில் ஹீலியம் தீர்ந்திருக்கும். கேஸ் சேவர் 20-ல் இருந்தது அக்டோபர் 12 வரை வந்திருக்கும். 5-ல் வைத்தது டிசம்பரில் கதவு திறந்தபோதும் பாதி சிலிண்டரோடு நின்றிருக்கும். வாயு தீர்ந்த கருவியில் பம்ப் மட்டும் ஓடும். வெற்றிடம் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கசிவு இருக்கும் இடமெல்லாம் காற்று உள்ளே வரும். குழாய் சூடாக இருந்தால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்திருந்தால் சரியான முடிவு முழுவதுமாக ஆறவைத்து, காற்றை விட்டு, குழாயின் இரு முனைகளையும் அடைத்து வைத்துவிட்டுப் போவதுதான். அதைச் செய்ய அந்த இரவில் நான்கு மணி நேரம் இருந்தது.

திரும்பி வந்தவர்கள் முதலில் பார்த்தது 18, 28, 32 என்ற மூன்று எண்களைத்தான். தண்ணீர், நைட்ரஜன், ஆக்சிஜன். 28-ம் 32-ம் காற்றின் விகிதத்தில் ஓங்கி நின்றால் எங்கோ கசிவு, நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். 18 மட்டும் உயரமாக இருந்தால் பயமில்லை, கருவி ஈரமாக இருக்கிறது, அவ்வளவே. மூலத்தைச் சூடாக்கி, பம்பை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காலையில் வந்து பார்த்தால் 18 இறங்கியிருக்கும்.

அடுத்த பதிவில் ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று அளக்கும் எக்ஸ்ரே கருவியைப் பற்றி எழுத நினைத்திருக்கிறேன். அதற்கு ஹீலியம் சிலிண்டரும் கிடையாது, பம்பின் உறுமலும் கிடையாது. உங்கள் துறையில் ஜி.சி.எம்.எஸ். இருந்தால் இன்று மாலை பிரிப்பு வழியில் என்ன எண் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.